பழைய குழை மெசின் வாங்கப் புறப்பட்டவன்

மரம் தறிக்கிற தொழிலில் மரத்தைத் தறிப்பது ஒரு வேலையே இல்லை; தறித்துப் போட்ட கிளைக் கொப்பையும் இலைக் குழையையும் என்ன செய்வது என்பதுதான் வேலை. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் வேலணையில் ஒருவன் குழியில் விழப்போகிறான் என்றால் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். விழுந்த பிறகு வந்து, அந்தக் குழி எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்று விவரமாகச் சொல்வார்கள்.

நான் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்கு நின்றவன். தீவுப் பகுதி ஆண்களுக்கு அப்படித்தான் விதி: கல்யாணம் கட்டுவது ஊரில், சீவிப்பது கடையில். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலத்தில், விற்பதற்கு ஆணிகூட இல்லாமல் முதலாளி கடையைப் பூட்டினார். பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் என் சின்ன மகள் தாயிடம் ஓடிப்போய், "கொழும்பிலை இருக்கிற ஆள் வந்திருக்கிறார், எப்ப திரும்பிப் போவார்?" என்று கேட்டாள். அவளில் பிழையில்லை. வருசத்தில் ஒரு தடவை திருவிழாவுக்கு வந்து போகிறவனை வேறு எப்படிச் சொல்வது? அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி இந்த வாசல் படலையைத் தாண்டிப் பிழைக்கப் போவதில்லை என்று.

என் மனைவி பரமேசின் தமையனுக்குப் பதுளையில் கடை. அவர் என் முடிவைக் கேட்டுச் சிரித்தார். "சரி, தைப்பொங்கல் வரைக்கும் உம்மடை ஆசையைத் தீர்த்துக்கொள்ளும். பேந்து என்னோடை வந்து கடையிலை நில்லும்" என்று தவணை கொடுத்தார். நான் வீட்டில் நிற்பதா, பதுளைக்குப் போவதா என்பது இப்படி ஒரு பொங்கல் பானையில் வந்து நின்றது.

தொழில் இதுதான்: மரம் தறிப்பது, வேலிகளில் நட்டுத் தளிர்த்துக் கதியாலாக நிற்கிற பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கொப்புகளை வெட்டுவது. வெட்டின குழைக்குப் புகையிலைத் தோட்டக்காரர் எனக்கு உனக்கென்று அடிபட்டார்கள். மழைக்கு முன் அதை மண்ணில் புதைத்துத் தாட்டால்தான் நடுகைக்கிடையில் உக்கிப் பயிருக்குப் பசளையாகும். கொப்போடு தாட்டால் உக்காது. சின்னதாக வெட்ட வேண்டும். கட்டையில் வைத்துக் கத்தியால் வெட்டினால் பின்னேரம் தோள் கழன்றுவிடும். மாட்டுப் பண்ணை ஒன்றில் புல் வெட்டுகிற மெசின் பார்த்திருந்தேன். பெரிய சில்லில் கத்திகள் பூட்டி, சுற்றிவர இரும்புக் கூடு. தண்ணீர் இறைப்பு மெசினோடு பெல்ற் போட்டால் சில்லுச் சுழலும். வாயில் கொப்பைக் கொடுத்தால் மறுபக்கத்தால் துண்டு துண்டாக விழும். "மழைக்கு முன் எல்லாருக்கும் வெட்டின குழை தருவேன்" என்று தோட்டக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் மெசின் தேடப் புறப்பட்டேன். புதிது நாட்டுக்குள் வராது. பழையது வாங்கப்போய் வயிறெரிந்து திரும்பின சகோதரர்களே, மிச்சத்தை உங்களால் ஊகிக்க முடியும். ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பச்சைப் பெயின்ற்

தரகர் செல்லத்துரை காணிக்கும் மாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் தரகு பார்க்கிறவர். மெசின் தரகு அவருக்குப் புதிது. அதற்காக அவர் பேச்சை மாற்றவில்லை. "நல்ல இடத்துச் சாமான் தம்பி. அடக்கமானது. கனக்க எண்ணெய் குடிக்கிற பழக்கமும் இல்லை" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப் போனார். கடற்கரைப் பக்கமாக ஒரு கொட்டில். சொந்தக்காரர் மரியாம்பிள்ளை வலையும் கயிறும் விற்கிறவர். வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர், எழும்பாமல் உள்ளுக்குக் கையைக் காட்டினார்.

உள்ளே மெசின் பச்சைப்பசேலென்று நின்றது. சில்லு பச்சை, கூடு பச்சை, கத்திகளும் பச்சை. கத்திக்குப் பெயின்ற் பூசுகிற மனிதரை நான் என் சீவியத்தில் அன்றுதான் கண்டேன். பெல்ற்றைத் தூக்கிப் பார்த்தால் அதிலும் பச்சை. "ஒருநாளும் வெளியாலை கொண்டுபோகேல்லை, வீட்டுக்குள்ளையே வச்சிருந்தவை" என்றார் செல்லத்துரை. நான் நிலத்தில் கிடந்த ஆணி ஒன்றை எடுத்து மெசின் வாயின் அடிப்பக்கத்தில் சுரண்டினேன். பச்சை உரிந்தது. உள்ளே துருப்பிடித்த கறள். கறளுக்கு உள்ளே இன்னொரு பச்சை. அதையும் சுரண்டினேன். ஆணி, கறையான் தின்ற கதவில் போவதுபோல் மறுபக்கம் போய்விட்டது. இரும்புக் கடையில் காலம் கழித்தவனிடம் இதை விற்கப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பினால், கோபித்துக்கொண்டு நிற்பது நானில்லை, மரியாம்பிள்ளை. வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் மெசின் வாங்க வந்தனீரோ, இல்லாட்டி என்ரை பெயின்ற்றைச் சுரண்ட வந்தனீரோ?"

நெடுந்தீவு வாத்தியார்

அடுத்த மெசின் நெடுந்தீவில் இருக்கிறதென்று செல்லத்துரை சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நெடுந்தீவில் வேலி கல்லால் கட்டினது. கல்லுக்குக் கதியாலும் இல்லை, கொப்பும் இல்லை. வெட்டக் குழையே இல்லாத ஊரில் குழை வெட்டுகிற மெசினுக்கு என்ன வேலை? "வேலை இல்லாததாலைதான் பழுதாகேல்லை" என்றார் செல்லத்துரை. அந்த நியாயத்தில் மயங்கிக் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினேன். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நான் வள்ளத்தின் ஓரத்தில் தலையை வெளியே போட்டபடி கிடந்தேன் என்பது போதும்.

மெசின்காரர் பென்சன் எடுத்த வாத்தியார். மெசின் உண்மையிலேயே நல்ல மெசின். மாட்டுக்கு வைக்கோல் வெட்டச் சம்பந்தி கொடுத்ததாம். சாணிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஓலையால் மூடிக் கிடந்தது. கத்தி கூர், சில்லு சீர், கூட்டில் கீறல் இல்லை. மடியில் காசு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். வாத்தியார் என்னை உள்ளே இருத்தி, கதிரையைத் துடைத்து, எருமைத் தயிரும் மீன் குழம்பும் சோறும் போட்டார். "வடிவாய்ச் சாப்பிடும், கடலிலை வந்த களை" என்று இரண்டாம் முறையும் பரிமாறினார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு விலை கேட்டேன். "நீர் எவ்வளவு தருவீர்?" என்றார். சொன்னேன். தலையாட்டினார். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். இன்னும் சந்தோசமாகத் தலையாட்டினார். வாங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் எழும்பி மெசினை மறுபடி ஓலையால் மூடினார்.

ஒருவன் கையால் வயிறார உண்டுவிட்டு அவனை ஏசிப் பேச எங்கள் பக்கத்தில் யாருக்கும் நாக்கு வராது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் முதலில் சோறு போட்டார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். திரும்பும் வள்ளத்துக்கு நேரம் இருந்தபடியால் அவரோடு இருந்து தேத்தண்ணீரும் குடிக்க வேண்டியிருந்தது. படலை வரைக்கும் வந்து வழியனுப்பினபோது அவர் சொன்னது இது:

"விக்கிற எண்ணம் இல்லைத் தம்பி. இப்ப உது என்ன விலை போகுமெண்டு அறிய ஒரு ஆசை, அதுதான் சொல்லி விட்டனான்."

இந்தப் பக்கக் குழை, அந்தப் பக்கக் குழை

மெசின் இல்லை என்பதற்காகத் தொழில் நிற்குமா? சின்னத்தம்பி அண்ணையும் ஆறுமுகம் அண்ணையும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர். நடுவில் ஒரு பூவரசம் வேலி. வேலி யாருடையது என்பதில் அவர்களுக்குள் தகப்பன்மார் காலத்து வழக்கு. கொப்பு வெட்டப் போன எனக்கு அது தெரியாது. முதல் கொப்பு விழுந்ததும் இரண்டு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு நுனியைப் பிடித்தார்கள். வேர் எங்களது என்றார் ஒருவர். நிழல் எங்களது என்றார் மற்றவர். நிழலில் பயிர் பழுதாய்ப்போனதற்கு நட்டம் வேறு கேட்டார். கடைசியில் ஒரு கயிற்றைக் கட்டச் சொல்லி, கயிற்றுக்கு அங்கால் நீட்டினது அவருக்கு, இங்கால் நீட்டினது இவருக்கு என்று ஒவ்வொரு கொப்பையும் இரண்டாய்த் துண்டித்துப் போடவேண்டி வந்தது. மரமேறியின் கூலி எனக்கு, மத்தியஸ்தம் சும்மா.

இரண்டு குவியலையும் வண்டியில் ஏற்றி என் வீட்டு வளவில் கொண்டுவந்து இறக்கிப் பறித்தேன். ஏற்கெனவே மற்ற வேலிக் குழையெல்லாம் அங்கே வீட்டுக் கூரை உயரத்துக்கு ஏறிவிட்டது. கருமுகில் தெற்கால் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பரமேசு ஒன்றும் பேசாமல் சமையல் குசினிப் படியில் நின்று அந்தக் குவியலைப் பார்ப்பாள். அவள் பேசாமல் நிற்பதுதான் எனக்குத் தாங்க ஏலாத காரியம். சின்னத்தம்பி அண்ணை பின்னால் வந்து என் காதுக்குள் குனிந்தார்.

"மெசின் வந்தாப்பிறகு என்ரை குழையையும் அவன்ரை குழையையும் ஒண்டாய்ப் போட்டுடாதையும் தம்பி, கலந்துபோம்."

குறி சாத்தின மெசின்

ஆயுத பூசை முடிந்த கிழமை புங்குடுதீவில் ஒன்று அகப்பட்டது. இந்த முறை தரகரை விட்டுவிட்டுச் சூசையைக் கூட்டிக்கொண்டு போனேன். சூசை என்னோடு படித்தவன், ஊர்காவற்றுறையில் வள்ளத்து மெசின்கள் திருத்துகிறவன். விற்கிறவர் நாகலிங்கம் என்ற பெரியவர். கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பவர்.

மெசினை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூசைக்கு வைத்தபடியே நின்றது. சில்லில் செவ்வரத்தம் பூமாலை. கூட்டின் முகப்பில் தண்ணீரில் குழைத்துப் பூசின திருநீறு, மூன்று குறி, ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். பெரியவர் இறைப்பு மெசினை இழுத்து ஓட வைத்தார். முள்முருக்குக் கொப்பொன்றைக் கொடுத்தோம். வெண்டிக்காய் வெட்டுவதுபோல் வெட்டித் தள்ளியது. சூசை கத்தி பார்த்தான், பெயாரிங் பார்த்தான், அச்சைச் சுற்றிப் பார்த்தான், பெல்ற்றை முகர்ந்தும் பார்த்தான். நானும் ஆணியால் சுரண்ட வேண்டிய இடமெல்லாம் சுரண்டினேன். குறி சாத்தின இடத்துக்கு வந்ததும் சூசை உடுத்திருந்த சாரத்தின் நுனியைக் கையில் எடுத்தான்.

"சிவம், உதை ஒருக்காத் துடைச்சுப் பாக்கட்டோ?" என்று என்னைக் கேட்டான்.

பூசை செய்த சாமானில், சொந்தக்காரருக்கு முன்னால், திருநீற்றை அழிப்பதா? மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்து குறியை அழிப்பித்தவன் என்று ஊர் முழுக்கக் கதைக்காதா? அவன் கையைப் பிடித்து இழுத்தேன். சூசையும் விட்டுவிட்டான்; தங்கள் வள்ளத்தில் மாதா படம் ஒட்டின பலகையை யாரும் சுரண்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். காசைக் கொடுத்தேன். நாகலிங்கம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"பூசை செய்த சாமான் தம்பி, நல்லாய்க் கும்பிட்டுப்போட்டு ஏத்திக்கொண்டு போம்."

முற்றத்தில் கூட்டம்

லொறியில் மெசின் வந்து இறங்கினபோது தோட்டக்காரர் எல்லாரும் என் முற்றத்தில் நின்றார்கள். சும்மா நிற்கவில்லை, அவரவர் வண்டிலோடு. நான் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, என் பங்குக்கு அந்தக் குறிக்கு மேல் இன்னொரு குறியும் பூசினேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

கிளுவையை வெட்டியது. முள்முருக்கை வெட்டியது. கந்தையா அண்ணை என்கிற தோட்டக்காரர், எங்களுக்குள் மூத்தவர், வெட்டின குழையைக் கையில் அள்ளி முகர்ந்து, "உதுதான் பசளை" என்றார். எனக்குக் கண் கலங்கியது. பிறகு பூவரசங் கொப்பு, கைமொத்தத் தடிப்பில். மெசின் ஒருமுறை முனகியது. கூட்டின் முகப்பில், சரியாக மூன்று குறிக்கும் குறுக்கே, மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. மேல் குறி இரண்டாய்ப் பிரிந்தது, நடுக்குறி பிரிந்தது, சந்தனம் உதிர்ந்தது. சில்லு கூட்டில் உரசிக் கத்திக்கொண்டு நின்றுவிட்டது. வெடிப்பு அன்றைக்கு வந்ததல்ல. உள்ளே பழைய கறள் தெரிந்தது. யாரோ எப்போதோ வெடித்த இடத்தில் மெழுகுபோல் எதையோ அடைத்து, அதன் மேல் சிவனேயென்று திருநீறு பூசியிருக்கிறார்கள். திருநீற்றுக்கு அடியில் மறைத்தால் எந்தச் சைவன் துடைத்துப் பார்ப்பான்? அந்தத் துணிவை நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. கந்தையா அண்ணை வானத்தைப் பார்த்தார்.

"குத்தம் சொல்லுறனெண்டு நினையாதையும், உந்தக் கிழமைக்குள்ளை மழை பிடிக்கும்போலை கிடக்கு."

நாகலிங்கத்தாரின் நியாயம்

அன்று பின்னேரமே பஸ் ஏறிப் புங்குடுதீவுக்குப் போனேன். தீவுகளுக்கு நடுவிலுள்ள பாலத்தைக் கடக்கும்போது சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். நல்ல நல்ல வசனங்கள். வாத்தியார் சோறு போட்டு வாயை அடைத்ததுபோல் இங்கே நடக்காது, தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று சபதம் வேறு. நாகலிங்கம் கோயிலால் திரும்பி வந்து, ஈர வேட்டியோடு, நெற்றி நிறையக் குறியோடு நின்றார். அந்த நெற்றியைப் பார்த்ததும் என் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் வசனங்கள் எல்லாம் ஓடிப்போய்விட்டன.

"ஐயா, கூடு வெடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?" என்று மட்டும் கேட்டேன். தெரியும் என்றார், நேராய்த்தான். "சொல்லியிருக்கலாமே?" என்றேன். நான் கேட்கவில்லையாம். "குறிக்குக் கீழை வச்சு மறைச்சியளே, இது சாமிக்கே அடுக்குமோ?" என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பூசைக்குக் குறி எங்கே சாத்துவது என்பது தன் விருப்பமாம். மெசினின் நெற்றி எது என்று நான் அவருக்குக் காட்டித்தர வேண்டியதில்லையாம். காசைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. கடைசியில் என் தோளில் ஆறுதலாகக் கையைப் போட்டார்.

"சந்தேகமெண்டால் நீர் அழிச்சுப் பாத்திருக்கலாமே தம்பி, நான் மறிச்சனானோ?"

பட்டம்

மூன்று நாள் ஒருவரோடும் கதைக்காமல் கிடந்தேன். சூசை வந்து பார்த்தான். ஒட்டினால் ஒட்டாது, வார்ப்பிரும்பு என்றான். புதுக் கூடு வார்க்க இந்த நாட்டில் இப்போது ஆள் தேட வேண்டும் என்றான். நான் படுக்கையில் இருந்தபடி, "அப்ப நான் பதுளைக்குப் போறன்" என்றேன். சொன்னது சூசைக்கு. கேட்டது பரமேசு.

அவள் குசினியால் வந்து மெசினுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தாள். வெடிப்பை விரலால் தடவினாள். கூடு வட்டமாய் இருப்பதைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "வண்டில் சில்லு வெடிச்சா சுத்திவர இரும்புப் பட்டம் அடிக்கினந்தானே, உதுக்கு அடிக்க ஏலாதோ?" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சூசையைப் பார்த்தேன். அவன் கையால் கூட்டின் வட்டத்தை அளந்துகொண்டிருந்தான்.

கொல்லர் வேலாயுதம் வண்டில் சில்லைத் தவிர வேறெதற்கும் பட்டம் அடித்ததில்லை. அடிக்கமாட்டேன் என்று அரைநாள் நின்றார். பரமேசு போய்க் கேட்டாள், வந்தார். பட்டத்தை உலையில் சிவக்கக் காய்ச்சி, இரண்டு பேர் குறடால் தூக்கிக் கூட்டில் இறக்கித் தண்ணீர் ஊற்றினார்கள். இரும்பு சுருங்கி, வெடிப்பு வாயை மூடியதை நான் கண்ணால் கண்டேன். ஆவி அடங்கினதும் பரமேசு திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் அழுதாளோ தெரியாது, எனக்கு முதுகுதான் தெரிந்தது. நன்றி சொல்லப் போன என்னை வேலாயுதம் கையால் நிறுத்தினார்.

"ஓடினால் அது என்ரை வேலை, ஓடாட்டி அது உம்மடை மெசின், முதலே சொல்லிப்போட்டன்."

மழைக்கு முந்தின நாள்

ஓடியது. சத்தம் மட்டும் தேர் இழுக்கிறதுபோல. கைமொத்தக் கொப்பைக் கொடுக்காமல் விரல்மொத்தத்தோடு நிறுத்திக்கொண்டோம். வண்டில்கள் படலைக்கு வெளியே வரிசையாய் நின்றன. சின்னத்தம்பி அண்ணையின் குழையைத் தனியாகவும் ஆறுமுகம் அண்ணையின் குழையைத் தனியாகவும் வெட்டினேன். நடுவில் மெசினை நிறுத்திக் கூட்டைக் கழுவவும் வேண்டியிருந்தது, கலந்துபோகுமாம். கடைசி வண்டில் போனபோது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். யாராவது ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான் மனிதன்தானே.

மறுநாள் மழைக்குள் குடையோடு கந்தையா அண்ணை வந்தார். பாராட்டத்தான் இந்த மழையில் வருகிறார் என்று கதிரையை எடுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. மடியில் இருந்து வெட்டின குழைத்துண்டு இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இஞ்சை பாரும், ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன்; கத்தியாலை வெட்டினால் எல்லாம் ஒரு அளவாய் வரும்."

தவணை முடிந்தது

பொங்கலுக்கு முன் மச்சான் பதுளையிலிருந்து வந்தார். எனக்கென்று ஒரு வேட்டியும் திரும்பிப் போக இரண்டு பேருக்கு ரெயில் இடமும் ஒழுங்கு செய்துகொண்டுதான் வந்தார். அவர் வந்த நேரம் நான் வெங்காயத் தோட்டக்காரருக்குக் குழை வெட்டிக்கொண்டு நின்றேன். மழை விட்ட பிறகு அவர்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மச்சான் காதைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் இருந்தார். பரமேசு தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மெசினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் கதைக்கத் தொடங்குவார் என்று எனக்குப் பயம்.

அவர் சத்தத்துக்கு மேலால் கத்தினார். இந்தப் பழைய தகரத்தை நம்பி எத்தனை காலம் என்றார். இந்த இரைச்சலில் எப்படி ஒரு பெண்பிள்ளை குடும்பம் நடத்துவாள் என்றார். காது செவிடாய்ப் போகும், பிள்ளைகள் படிக்க ஏலாது, பேசாமல் புருசனை என்னோடு அனுப்பு, உனக்கும் நிம்மதி என்றார். இதெல்லாம் எனக்கும் கேட்டது. தமையனுக்கு எதிராக அவள் வாய் திறந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. கொப்பை வாயில் கொடுத்தபடி, குனிந்த தலை நிமிராமல் நின்றேன். அவள் தேத்தண்ணீர்த் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

"எனக்கு உந்தச் சத்தம் போதாது அண்ணை, உது கேக்கிற வரைக்கும் மனுசன் வீட்டிலை நிக்கிறாரெண்டு எனக்குத் தெரியும்."

என்னை ஏமாற்றின ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் சொந்த வீட்டில், சொந்த மனைவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆயுள் முழுக்கக் கோபித்துக்கொண்டிருக்க எங்கள் தீவில் எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?